ஆட்டப்பட்டியல் எழுதும் கை

அமெரிக்கச் சிற்றூர்களில் போதகருக்குத் திருச்சபையோடு வேலை முடிந்துவிடுவதில்லை. ஞாயிறு காலையில் பிரசங்கம் செய்பவரே வாரநாள் மாலையில் பிள்ளைகளின் பேஸ்பால் அணிக்கோ கூடைப்பந்து அணிக்கோ சம்பளம் வாங்காத பயிற்சியாளராக நிற்பதுண்டு. ஊர் சிறியது, நேரம் ஒதுக்க முன்வருபவர்கள் சிலர்தான். கூடைப்பந்தே அப்படிப்பட்ட ஒருவர் கையில் பிறந்த ஆட்டம். 1891 டிசம்பரில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் அதை உருவாக்கிய ஜேம்ஸ் நெய்ஸ்மித் இறையியல் படித்தவர். பின்னாளில் பிரெஸ்பிட்டேரியன் சபையின் குருவானவர். கன்சாஸ் பல்கலைக்கழக அணிக்கு அவர் பயிற்சியளித்த காலத்தில் வெற்றி 55, தோல்வி 60. ஆட்டத்தை இளைஞரின் குணத்தை வளர்க்கும் வழியாகக் கண்டவர் அவர்.

ஆகவே போதகர் மைதானத்துக்கு வரலாமா என்பது கேள்வியில்லை. வந்தபின், பயிற்சியாளர் என்ற முறையில் கிடைக்கும் செல்வாக்கைச் சபை வளர்க்கப் பயன்படுத்தலாமா என்பதே கேள்வி.

அந்த ஆசை எங்கிருந்து வருகிறது என்று புரிந்துகொள்ள வேண்டும். வழிபாட்டிடம் ஏதாவது ஒன்றில் உறுப்பினராக இருக்கும் அமெரிக்கர்கள் 1999இல் 70 சதவீதம். 2020இல் 47 சதவீதம் என்கிறது காலப் நிறுவனத்தின் கணக்கெடுப்பு. முன்பு ஆராதனைக்கென்று விடப்பட்டிருந்த ஞாயிறு காலையில் இன்று பிள்ளைகளுக்குப் போட்டிகள் நடக்கின்றன. ஆலயத்துக்கு வராத பிள்ளையை மைதானத்திலாவது சந்திக்க முடிகிறதே என்று போதகர் நினைப்பது இயல்பு. தகப்பன் இல்லாத வீட்டுப் பையனுக்கு அவர் சொல்லும் ஒரு நல்ல வார்த்தை வாழ்நாளெல்லாம் நிற்கக்கூடும். தம் விசுவாசத்தை மைதான வாசலில் கழற்றி வைத்துவிட்டு வரும்படி அவரிடம் கேட்பதும் நியாயமில்லை.

ஆனால் அவர் கையில் இருப்பது வேதாகமம் மட்டுமல்ல, ஆட்டப்பட்டியலும்கூட. இன்று யார் ஆடுவது, யார் பெஞ்சில் உட்காருவது என்று முடிவு செய்பவர் அவர். அப்படிப்பட்டவர் மண்டியிட்டு, “விருப்பமுள்ளவர்கள் வரலாம்” என்று சொன்னால், பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு அதில் விருப்பம் என்ற சொல் காதில் விழாது. யார் வந்தார், யார் வரவில்லை என்பதை அவர் பார்க்கிறார் என்பது மட்டுமே தெரியும்.

இது வெறும் ஊகமல்ல. வாஷிங்டன் மாநிலத்தின் பிரெமர்ட்டன் உயர்நிலைப் பள்ளியில் ஜோசப் கென்னடி என்ற உதவிப் பயிற்சியாளர், ஆட்டம் முடிந்ததும் மைதானத்தின் நடுவே மண்டியிட்டு ஜெபித்தார். முதலில் தனியாகத்தான் ஜெபித்தார்; போகப்போக மாணவர்களும் சேர்ந்துகொண்டார்கள். 2015இல் பள்ளி நிர்வாகம் தடுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 2022 ஜூனில் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் கென்னடிக்குச் சாதகமாகத் தீர்ப்பானது. அது அவருடைய தனிப்பட்ட ஜெபம் என்றார்கள் பெரும்பான்மை நீதிபதிகள். ஆனால் அதே வழக்கின் ஆவணங்களில் ஒரு தகப்பனின் முறையீடும் இருக்கிறது. கடவுள் நம்பிக்கை இல்லாத அவர் மகன், சேராவிட்டால் ஆட வாய்ப்புக் குறைந்துவிடுமோ என்று அஞ்சி ஜெபத்தில் சேர்ந்தான். வழக்கில் யார் வென்றாலும், அந்தப் பையன் பயத்தினால் மண்டியிட்டான் என்பது மாறுவதில்லை. பயத்தில் செய்த ஜெபத்தை ஜெபம் என்று ஏற்க எந்தப் போதகருக்கும் மனம் வரக்கூடாது.

டெக்சாஸின் சான்டா ஃபே ஊரில் பள்ளிக் கால்பந்து ஆட்டத்துக்கு முன் ஒலிபெருக்கியில் ஜெபம் செய்யும் வழக்கத்தை உச்ச நீதிமன்றம் 2000இல் தடுத்தபோது, வழக்குப் போட்டவர்கள் ஒரு கத்தோலிக்கக் குடும்பமும் ஒரு மார்மன் குடும்பமும்தான். ஊரின் பெரும்பான்மைச் சபையைச் சேராத விசுவாசிகளையே அந்த ஜெபம் அந்நியராக்கியது. சபை லீக்குகளுக்கும் தன்னார்வப் பயிற்சியாளர்களுக்கும் இந்தத் தீர்ப்புகள் அநேகமாகப் பொருந்தா. பொருந்தாத இடத்தில்தான் போதகரின் மனசாட்சிக்கு வேலை கூடுகிறது.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு சிக்கல் உண்டு. ஓரமாக நின்று ஆட்டம் பார்ப்பவர்களில் சபையின் மூப்பரும், தாராளமாகக் காணிக்கை தருபவரும் இருப்பார்கள். அவர்கள் பிள்ளை நன்றாக ஆடவில்லை. ஆலயப் பக்கமே வராத வீட்டுப் பிள்ளை நன்றாக ஆடுகிறான். யாரை இறக்குவது? போதகரின் சம்பளம் சபையிலிருந்து வருகிறது. அந்த நேரத்தில் அவர் எடுக்கும் முடிவை, பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் எல்லோரும் கவனிப்பார்கள். அவருடைய கடவுளைப் பற்றி அவர்கள் அதிலிருந்து கற்றுக்கொள்வது, ஒரு வருடப் பிரசங்கத்தைவிட ஆழமாகப் பதியும்.

எரிக் லிடெல் இங்கே நினைவுக்கு வருகிறார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தகுதிச் சுற்று ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஓட மறுத்து, 400 மீட்டரில் 47.6 விநாடியில் தங்கம் வென்றவர். பிறகு சீனாவுக்கு மிஷனரியாகப் போனார்; 1943இல் ஜப்பானியர் அவரை வெய்சியன் முகாமில் அடைத்தார்கள். அங்கே இளைஞர்களின் விளையாட்டுகளை அவரே நடத்தினார், ஞாயிறு தவிர. ஒரு ஞாயிறு, பிள்ளைகள் தாங்களாகவே ஆடிய ஹாக்கி, நடுவர் இல்லாமல் சண்டையில் முடிந்தது. அதன்பின் ஞாயிற்றுக்கிழமையிலும் நடுவராக நின்றார் லிடெல். 1945 பிப்ரவரியில் அந்த முகாமிலேயே இறந்தார். தமக்கு வைத்துக்கொண்ட கட்டுப்பாட்டால் தம் வாய்ப்பை இழக்கத் துணிந்தவர், அதே கட்டுப்பாடு தம் பொறுப்பிலிருந்த பிள்ளைகளுக்குக் கேடானபோது அதைத் தளர்த்தினார்.

மைதானத்துக்கு வரும் போதகர்கள் இதைப் பின்பற்றலாம். ஜெபத்தை வீட்டிலேயே முடித்துவிட்டு வாருங்கள். யார் எவ்வளவு நேரம் ஆடுவது என்ற விதியைப் பருவம் தொடங்கும்போதே பெற்றோர்களிடம் எழுதிக் கொடுங்கள். மூப்பர் பிள்ளைக்கும் அதே விதி என்று சொல்லுங்கள். விசுவாசத்தைப் பற்றி ஒரு பிள்ளை தானாக வந்து கேட்டால், பெற்றோருக்குத் தெரிய, மறைக்காமல் பதில் சொல்லுங்கள். கேட்காத பிள்ளைக்கு ஆட்டத்தை ஒழுங்காகக் கற்றுக்கொடுங்கள்.