தீவு நிலத்தின் தர்மகர்த்தா யார்?

நிலம் இறைவனுக்கு உரியது, மனிதர் அதைச் சில காலம் பேணிவிட்டுச் செல்பவர் என்னும் கருத்து பல சமயங்களின் அடித்தளத்தில் இருக்கிறது. ஈசாவாசிய உபநிடதத்தின் முதல் மந்திரம், அசையும் உலகம் அனைத்தையும் இறைவன் உறையும் இடமாகக் கண்டு, பற்றை விட்டுத் துய்க்கவும் பிறர் பொருளை விரும்பாதிருக்கவும் கற்பிக்கிறது. குர்ஆன் மனிதனை மண்ணில் இறைவனின் கலீபா, அதாவது பொறுப்பேற்ற பிரதிநிதி, என்று குறிக்கிறது. விவிலியத்தின் லேவியர் நூல் நிலத்தை என்றென்றைக்குமாக விற்பதை விலக்கி, மக்களை அதில் தங்கிச் செல்லும் அந்நியராகவே கருதுகிறது. உடைமை பற்றிய கேள்விக்கு இவை விடை தந்துவிடுகின்றன; ஆனால் இறைவனின் நிலத்தைக் காக்கும் பொறுப்பை ஏற்பவர் யார், அவரை நியமிக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்ற கேள்வியைத் திறந்தே வைக்கின்றன. பரந்த நிலப்பரப்பில் வாழ்வோர் இக்கேள்வியை ஒத்திவைக்க முடியும், ஒரு நிலம் கெட்டால் வேறு நிலம் தேடிப் போக வழியிருக்கும். தீவில் அந்த வழி அடைபட்டிருக்கிறது; எல்லை கண்ணுக்கு முன்னால் நிற்கிறது, ஒருவர் மேடாக்கும் மண்ணுக்கு ஈடாக இன்னொருவர் வாசலில் நீர் ஏறுகிறது. ஏழு தீவுகளை இணைத்து உருவான மும்பையில், அதிலும் பல தலைமுறைகளாகத் தமிழர் வாழ்ந்துவரும் தாராவி, மாட்டுங்கா, செம்பூர்ப் பகுதிகளில், இக்கேள்வி வெறும் தத்துவ விசாரணையாக நின்றுவிடாமல் அன்றாட வாழ்வின் கேள்வியாகியிருக்கிறது.

தமிழ் மரபு இதற்கு ஒரு தெளிவான பதவிப்பெயரை வைத்திருக்கிறது. கோயில் சொத்தை நிர்வகிப்பவர் தர்மகர்த்தா. நிலம் தெய்வத்தின் பெயரில் இருக்கும். அவர் அதன் வருவாயைக் கொண்டு பூசையும் திருவிழாவும் நடத்தலாம், ஆனால் அதைத் தம்முடையதாக்கிக்கொள்ள முடியாது. சிவன் சொத்து குல நாசம் என்ற பழமொழி, இந்த வரம்பைச் சட்டம் எழுதப்படுவதற்கு முன்பே மக்கள் மனத்தில் பதித்திருந்தது. பிற்காலச் சட்டமும் இதே வழியில் சென்றது: தெய்வம் வழக்காடவும் சொத்து வைத்திருக்கவும் தகுதியுள்ள சட்ட நபர் என்பதை லண்டன் பிரிவி கவுன்சில் 1925-இல் ஒரு வங்காள வழக்கில் உறுதிசெய்தது. செல்வந்தர் தம் செல்வத்தைச் சமூகத்தின் சார்பில் வைத்திருப்பவராக நடந்துகொள்ள வேண்டும் என்று காந்தி முன்வைத்த கோட்பாடும் தமிழில் தர்மகர்த்தா முறை என்றே வழங்குகிறது. ஆயினும் காந்தியின் கோட்பாட்டில் ஒரு குறை உண்டு. ஏற்கெனவே உடைமை வைத்திருப்பவரே தர்மகர்த்தாவாகிவிடுகிறார். தம் கணக்கைத் தாமே சரிபார்த்துக்கொள்கிறார். யாருக்காக அவர் காக்கிறாரோ அவர்கள் அவரை நியமிக்கவும் நீக்கவும் முடியாதபோது, காவல் என்பது அவருடைய மனச்சான்றின் தயவாகச் சுருங்கிவிடுகிறது.

மும்பைத் தீவுகளின் வரலாறு இந்த நியமனச் சிக்கலோடுதான் தொடங்குகிறது. 1668-இல் ஆண்டுக்குப் பத்துப் பவுன் குத்தகைக்கு இத்தீவுகளைப் பெற்ற கிழக்கிந்தியக் கம்பெனி, அங்கு ஏற்கெனவே பயிர்செய்தும் மீன்பிடித்தும் வாழ்ந்தோரின் உரிமையை என்ன செய்வது என்று தீர்மானிக்க வேண்டியிருந்தது. ஆளுநர் ஜெரால்டு ஆஞ்சியர் 1672-இல் தீவுவாசிகளின் பிரதிநிதிகளோடு ஓர் உடன்படிக்கை செய்து, ஆண்டுதோறும் 20,000 செராபின் நாணயத்தை அவர்கள் கூட்டாகச் செலுத்துவதற்கு ஈடாக, அவர்கள் வைத்திருந்த நிலங்களை உறுதிப்படுத்தினார். ஒவ்வொரு சமூகத்துக்கும் பஞ்சாயத்து அமைக்கும் முறையும் அவர் காலத்தில் வகுக்கப்பட்டது. அக்காலத் தீவுகளுக்கு இடையே ஓதம் ஏறி இறங்கும் உவர்ச்சதுப்புகள் கிடந்தன. அவற்றை மேடாக்கிப் பயிரிடுவோருக்குக் குறைந்த வாடகையில் நிலம் தரப்பட்டது. இந்த உரிமைமுறைக்கு போராஸ் என்று பெயர். 1851-ஆம் ஆண்டின் ஆறாவது சட்டம் இந்த நிலங்களின் மீதான கம்பெனியின் உரிமையைக் கைவிட்டு, அவற்றை வைத்திருந்தோரின் பட்டத்தை நிலைநாட்டியது. கடலிடமிருந்து மண்ணை மீட்டவர்களுக்கு அந்த மண்ணில் உரிமை உண்டு என்ற நியதியை, ஒரு வணிக நிறுவனத்தின் ஆட்சியே ஒருமுறை ஏற்றிருக்கிறது என்பது நினைவில் வைக்கத்தக்கது.

தாராவியில் அந்த நியதி பின்பற்றப்படவில்லை. மாகிம் கழியின் கரையில் இருந்த தாராவி, 1909-ஆம் ஆண்டின் பம்பாய் நகர விவரச்சுவடி குறிப்பிடும் ஆறு பெரிய கோலிவாடாக்களில், அதாவது கோலி மீனவரின் குடியிருப்புகளில், ஒன்று. நகரின் ஓரத்துக்குத் தள்ளப்பட்ட தோல் பதனிடும் தொழிலோடு திருநெல்வேலிப் பகுதியின் இசுலாமியரும் ஆதிதிராவிடரும் அங்கு வந்தனர். சௌராட்டிரத்துக் குயவர் வந்தனர். 1887-இல் பெரிய மசூதியும் 1913-இல் பிள்ளையார் கோயிலும் எழுந்தன. குடியேறியோர் குப்பையும் இடிபாடும் மண்ணும் கொட்டிச் சதுப்பைத் தூர்த்து, ஒவ்வொரு மழைக்காலத்திலும் அமிழ்ந்த தரையை மீண்டும் உயர்த்தி, வீடு கட்டத் தக்க நிலமாக்கினர். இன்று நாட்டிலேயே விலை மிகுந்த மனைகளுள் ஒன்றாகப் பேசப்படும் இந்த நிலத்துக்கு அந்தத் தரத்தைக் கொடுத்தது அவர்களுடைய உழைப்பு. போராஸ் நிலத்தை உருவாக்கியவர் பட்டாதாரரானார். தாராவியை உருவாக்கியவரோ ஆக்கிரமிப்பாளர் என்று ஆவணத்தில் பதிவானார். இரு தரப்பாரும் செய்த வேலை ஒன்றே என்னும்போது, இந்த வேறுபாட்டுக்கு அறநியாயம் எதையும் காண இயலவில்லை.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. அதை ஒதுக்கிவிட்டுச் செல்வது நேர்மையாகாது. சதுப்பைத் தூர்த்தல் நிலத்தைக் காப்பதாகுமா, அது கண்டல் மரங்களையும் மீன் பெருகும் கழியையும் அழித்ததல்லவா, கோலி மீனவரின் வலை வறண்டதற்கு அதுவும் காரணமல்லவா என்பதே அந்த மறுப்பு. காரணந்தான். கழிமுகம் குறுகியதன் விலையைத் தாராவியினரே 2005 ஜூலை 26 அன்று கொடுத்தனர். ஒரே நாளில் சாந்தாகுரூசில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தபோது, மித்தி ஆற்றின் வெள்ளம் கரையோரத் தெருக்களுக்குள் புகுந்தது. ஆனால் அதே ஆற்றின் எதிர்க்கரையில் பாந்திரா-குர்லா வளாகம் என்னும் அலுவலக நகரை அரசின் வளர்ச்சி ஆணையமே சதுப்பை மேடாக்கி எழுப்பியது. விமான நிலையத்தின் ஓடுபாதை ஆற்றின் குறுக்கே நீண்டது. போக்கிடமின்றிச் சதுப்பில் கால் வைத்தவரும், திட்டமிட்டு அதை விழுங்கிய அதிகாரமும் நீருக்கு இழைத்த தீங்கு ஒரே வகையாக இருக்கலாம். பொறுப்பு ஒரே அளவாக இருக்க முடியாது.

மேலும், தமிழர் தம் தெய்வங்களைக் கொண்டுவந்த முறையிலும் சிந்திக்க ஒன்று இருக்கிறது. தொல்காப்பியம் மலைநிலத்துக்குச் சேயோனையும் கடற்கரைக்கு வருணனையும் தெய்வமாக வகுத்தது. தெய்வம் நிலத்தின் தன்மையோடு பிணைந்தது என்ற எண்ணம் அதன் பின்னால் இருக்கிறது. மும்பைக்கு வந்த தமிழர் செம்பூர்ச் சேடா நகரில் உயரமான படிக்கட்டின் மேல் முருகனை எழுந்தருளச் செய்தனர். மாட்டுங்காவில் 1923-இல் ஆஸ்திக சமாஜத்தையும், 1932-இல் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தையும் தோற்றுவித்தனர். ஊர்விட்டு ஊர் வந்தவர்கள் தமக்குள் பொறுப்பாளரைத் தெரிந்து, கணக்கு வைத்து, தலைமுறை கடந்தும் நிறுவனங்களைக் காத்திருக்கிறார்கள். சபையாகக் கூடி ஆளும் திறன் இம்மக்களிடம் குறைவாக இருந்ததேயில்லை. ஆயினும் தாம் நின்ற மண்ணின் தெய்வத்தோடு, அதாவது ஓதத்தோடும் சதுப்போடும், அவர்களுடைய வழிபாடு உறவு பூணவில்லை. கோலியரோ ஆவணிப் பௌர்ணமியன்று கடலுக்குத் தேங்காய் சமர்ப்பித்த பின்னரே மழைக்கால ஓய்வை முடித்துப் படகை இறக்குகிறார்கள். கடலை உடன்படிக்கையின் மறுதரப்பாக ஏற்கும் இந்தச் சடங்கில், நிலக்காப்புக்கு வேண்டிய முதல் அறிவு அடங்கியிருக்கிறது: நீருக்கும் ஒரு பங்கு உண்டு, அதைக் கேளாமல் எடுக்கக் கூடாது.

அப்படியானால் காவலை உள்ளூர்ச் சபையிடம் ஒப்படைத்துவிட்டால் போதுமா? முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921-ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் குடவோலையால் உறுப்பினரைத் தெரிந்து, ஏரி வாரியம், தோட்ட வாரியம் என நீருக்கும் நிலத்துக்கும் தனித்தனிக் குழுக்கள் அமைத்த முறையை விரிவாகச் சொல்கின்றன. பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் தேர்வுக்கு வர முடியாது என்ற விதி, இன்றைய உள்ளாட்சிச் சட்டங்களும் பின்பற்றத் தக்க கடுமை உடையது. ஆனால் அதே கல்வெட்டு, வரி செலுத்தும் கால் வேலி நிலமும் சொந்த மனையில் வீடும் வேத அறிவும் உடையவரையே தேர்வுக்குரியவராக ஏற்றது. ஏரியைத் தூர்வாரியவருக்கு ஏரி வாரியத்தில் இடமில்லை. 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர், கிராமத்தைக் குறுகிய மனமும் வகுப்புவாதமும் குடிகொண்ட இடமென்று கடிந்து, அதை அரசியலமைப்பின் அடிப்படை அலகாக ஏற்க மறுத்ததற்குப் பின்னால் இந்த அனுபவந்தான் இருந்தது. அந்தக் கிராமங்களை விட்டு ஓடிவந்தவர்களின் வழித்தோன்றல்கள் பெருந்தொகையாக வாழும் தாராவியில், உள்ளூர் என்ற சொல்லை அம்பேத்கரின் எச்சரிக்கையோடு சேர்த்தே ஆள வேண்டும்.

இக்காலத்தில் அரசு தன்னையே தர்மகர்த்தா என்று அறிவித்துக்கொள்கிறது. கமல்நாத் வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், ஆறு, காடு, கடற்கரை போன்றவற்றை அரசு மக்களுக்காகப் பொறுப்பில் வைத்திருக்கிறது, தனியார் ஆதாயத்துக்கு மாற்ற முடியாது என்னும் பொதுப்பொறுப்புக் கோட்பாட்டை இந்தியச் சட்டத்தின் பகுதியாக்கியது. பம்பாய் உயர் நீதிமன்றம் 2005 அக்டோபரில் கண்டல் காடுகளை வெட்டுவதைத் தடைசெய்து, 2018 செப்டம்பரில் வழங்கிய இறுதித் தீர்ப்பில் அவற்றை அழிப்பது உயிர்வாழும் உரிமையை மீறுவதாகும் என்றது. தாணே கழி 2015-இல் பூநாரைச் சரணாலயமாகி, 2022-இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. இவை உண்மையான பலன்கள். ஆனால் காக்கும் கையே கொடுக்கும் கையாகவும் இருக்கிறது. தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தின்படி 2000 ஜனவரி 1-க்கு முன்பே தரைத்தளத்தில் குடியிருந்தவருக்குத் தாராவிக்குள் இலவச வீடு உண்டு. மற்றவர் வெளியே செல்ல வேண்டும். அவர்களுக்கு வாடகை வீடு கட்டுவதற்காகக் காஞ்சூர்மார்க், பாண்டுப், முலுந்துப் பகுதிகளில் ஏறத்தாழ 256 ஏக்கர் உப்பளத்தை ஒதுக்க மகாராட்டிர அரசு 2024-இல் முடிவெடுத்தது. உப்பளம் மழைநீரையும் ஏற்ற ஓதத்தையும் தாங்கும் தாழ்நிலம். இவ்வாறு, வீடற்றவரின் உரிமையும் நீரின் உரிமையும் ஒன்றையொன்று எதிர்த்து நிற்கும்படி நிறுத்தப்பட்டிருக்கின்றன. தாராவியில் தூர்த்த சதுப்பிலிருந்து எழுப்பப்படுபவர் இன்னொரு தாழ்நிலத்தில் குடியமர்த்தப்படுவார், அதன் பழியும் பின்னொரு நாள் அவர்மீதே விழும்.

இந்த முடிவுகளில் அப்பகுதி மக்கள் கூடிப் பேசி வாக்களிக்கும் இடம் எதுவும் இல்லை. கிராமங்களுக்குக் கிராம சபை என்னும் நேரடி அவையை அரசியலமைப்பு 73-ஆவது திருத்தத்தால் அறிந்தேற்றது. நகரங்களுக்கான 74-ஆவது திருத்தம் வார்டுக் குழுக்களோடு நின்றுவிட்டது. தாராவி, தாதரையும் மாகிமையும் உள்ளடக்கிய ஜி-வடக்கு வார்டின் ஒரு பகுதி மட்டுமே. மாநகராட்சி மன்றத்தின் பதவிக்காலம் 2022 மார்ச்சில் முடிந்த பின், மூன்றாண்டுக்கும் மேலாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினரே இல்லாமல் நகரம் ஆளப்பட்டது. திட்டத்தின் பெரிய தீர்மானங்கள் அக்காலத்திலேயே எடுக்கப்பட்டன. தகுதி நாள் குறிப்பதில் ஓர் இறையியல் பிழையும் இருக்கிறது. மனிதர் எல்லோரும் நிலத்தில் தங்கிச் செல்பவரே என்று லேவியர் நூல் சொல்வதை ஏற்பவர், 1999-இல் வந்தவரைக் குடிமகனாகவும் 2001-இல் வந்தவரை மிகையாகவும் பிரிக்க அடிப்படை காண மாட்டார்.

வேறு தீவுகள் வேறு வழிகளை முயன்றிருக்கின்றன. ஸ்காத்லாந்தின் ஹாரிஸ் தீவில் ரோய்னவல் மலையைக் குடைந்து பெருங்கல்குவாரி அமைக்கும் திட்டம் குறித்து 1994-இல் நடந்த பொது விசாரணையில், இறையியலாளர் டொனால்டு மக்லவுட் போன்றோர் படைப்பைக் காக்கும் கடமை குறித்துச் சாட்சியம் அளித்தனர். சமய வாதம் ஒரு திட்ட விசாரணையில் முறையான சாட்சியமாகப் பதிவானது. திட்டம் 2000-இல் மறுக்கப்பட்டது. எய்க் தீவில் வாழ்ந்த அறுபதுக்குச் சற்று மேற்பட்டோர், மாறிமாறி வந்த உடைமையாளர்களால் சலித்து, 1997 ஜூனில் தீவையே அறக்கட்டளையின் பெயரில் விலைக்கு வாங்கினர். அந்த அறக்கட்டளையில் குடியிருப்போர் சங்கம், வட்டார மன்றம், ஸ்காத்லாந்து வனவுயிர் அறக்கட்டளை ஆகிய மூன்றும் இடம்பெற்றன. குடியிருப்பதே உறுப்பினராகும் தகுதி என்பதும், வாய் பேச முடியாத உயிர்களின் சார்பில் பேச ஒருவர் அவையில் அமர்கிறார் என்பதும் அந்த அமைப்பின் நுட்பங்கள்.

அறுபது பேருக்குப் பொருந்தியது பல லட்சம் பேருக்கு அப்படியே பொருந்தாது. எனினும் தாராவியின் விளிம்பிலேயே இதற்கு அருகான ஒன்று உண்டு. மாகிம் கழியை ஒட்டி நகரின் குப்பைமேடாகக் கிடந்த 37 ஏக்கர் நிலம், மரம் நட்டுப் பேணப்பட்டு, 1994-இல் மகாராட்டிர இயற்கைப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. கெட்ட நிலத்தை ஒரே தலைமுறையில் மீட்க முடியும் என்பதை அது காட்டுகிறது. அதன் நிர்வாகம், பாந்திரா-குர்லா வளாகத்தை எழுப்பிய அதே வளர்ச்சி ஆணையத்தின் கீழ் இயங்குகிறது. கோலிவாடாவினர், வாடகைக்கு இருப்போர், 2000-க்குப் பின் வந்தோர் என வேறுபாடின்றித் தாராவிவாசிகள் தெரிந்தெடுக்கும் ஒரு வாரியத்திடம் இப்பூங்காவையும் அதை ஒட்டிய கழிக்கரையையும் ஒப்படைத்து, கழியின் சார்பில் பேசுவதற்கு ஓர் இருக்கையும், ஆண்டுதோறும் கணக்குக் காட்டும் கடமையும் வைப்பதற்கு அரசியலமைப்பில் தடை எதுவும் இல்லை; அத்தகைய வாரியம் ஒன்று இருந்தால், உப்பள நிலத்தை ஒதுக்கும் கோப்பும் கையெழுத்துக்குப் போகுமுன் அதன் முன்னால் வைக்கப்பட வேண்டியிருக்கும்.