தெரியாத இடத்தில் ஒரு கோடு

ஆண்டுதோறும் அக்டோபர் 1 அன்று அமெரிக்காவில் நோய்க் குறியீடுகளின் பட்டியல் மாறும். ஜனவரி 1 அன்று சிகிச்சைக் குறியீடுகளின் பட்டியல் மாறும். இந்த இரண்டு தேதிகளையும் தீபாவளி, பொங்கலுக்கு நிகராக நினைவில் வைத்திருப்பவர்கள் சென்னையிலும் கோவையிலும் திருச்சியிலும் நிறைய இருக்கிறார்கள். மெடிக்கல் கோடிங் வேலையில் இருப்பவர்கள். நர்சிங்கோ பார்மசியோ பிசியோதெரபியோ விலங்கியலோ படித்துவிட்டு வந்தவர்கள். ஒஹாயோவில் ஒரு மருத்துவர் எழுதிவைத்த குறிப்பை இங்கே உட்கார்ந்து படித்து, என்ன நோய், என்ன வைத்தியம் என்பதைக் குறியீடுகளாக்கித் தருவார்கள். அதை வைத்துத்தான் அங்கே காப்பீட்டு நிறுவனம் பணம் கொடுக்கும், மறுக்கவும் செய்யும். நோயாளியின் முகத்தை இவர்கள் பார்ப்பதேயில்லை.

“இந்த ஃபீல்டுல அப்டேட்டா இருக்கணும்” என்பது இங்கே வேலைக்குச் சேரும் எவருக்கும் கிடைக்கும் முதல் புத்திமதி. சரிதான். ஆனால் எதைத் தெரிந்துகொண்டால் ஒருவர் அப்டேட் ஆனவர்? கேட்டால் புதிய குறியீடுகளைக் காட்டுவார்கள், புதிய மென்பொருளைக் காட்டுவார்கள். எனக்கென்னவோ அதில் பாதி பதில்தான் இருப்பதாகத் தோன்றுகிறது.

2015 அக்டோபர் 1-ஐ எடுத்துக்கொள்வோம். நோய்க் குறியீடுகளின் பட்டியலில் ஐசிடி-9 போய் ஐசிடி-10 வந்த நாள். முதலில் 2013 என்றார்கள், பிறகு 2014 என்றார்கள், கடைசியில் ஒருவழியாக வந்தது. சுமார் 14,000 நோய்க் குறியீடுகள் இருந்த இடத்தில் ஏறத்தாழ 70,000. சர்க்கரை நோய் என்றதும் விரல் தானாக அடித்துவந்த 250.00 அன்றோடு செத்தது. இரண்டாம் வகைச் சர்க்கரைக்கு ஈ11.9 வந்தது. இரத்தக் கொதிப்பின் 401.9, ஐ10 ஆனது. வாத்து மோதிக் காயம்பட்டால்கூட ஒரு குறியீடு உண்டு என்று சொல்லிச் சிரித்தார்கள். உண்மையாகவே உண்டு. தலைவலி வந்தது வாத்தால் இல்லை. எலும்பு முறிவு என்றால் இடது கையா வலது கையா, இப்போதுதான் சிகிச்சை நடக்கிறதா, ஆறிவரும் நேரத்தில் வந்து காட்டியதா என்றெல்லாம் புதிய பட்டியல் கேட்டது. மருத்துவரின் குறிப்பிலோ பல நேரம் வெறுமனே மணிக்கட்டு முறிவு என்றுதான் இருக்கும். மனப்பாடம் செய்தவருக்கு அங்கே கை ஓடாது. குறிப்பில் எது இல்லை என்பது கண்ணில் படுகிறவருக்குத்தான் ஓடும்.

2021 இன்னும் சுவையானது. ஜனவரியில், ஒரு வெளிநோயாளியைப் பார்த்ததற்கு எந்தக் கட்டண நிலை என்று முடிவு செய்யும் முறையே மாறியது. எத்தனை விவரம் கேட்டார், எத்தனை உறுப்பைப் பரிசோதித்தார் என்று எண்ணிக் கூட்டும் பழைய வித்தை, 1995, 1997 வழிகாட்டிகளின் வித்தை, ஒரே இரவில் செல்லாக்காசானது. அக்டோபரில் இருமலின் முறை. அதுவரை ஆர்05 என்ற ஒரே குறியீடு; அது ஆறாகப் பிரிந்தது. புதிதாக வந்த இருமல், நாட்பட்ட இருமல், இரண்டுக்கும் நடுவே ஒன்று, இருமி இருமியே மயங்கி விழுவதற்கும் ஒன்று. 3 வாரம், 8 வாரம் என்று மருத்துவர்கள் எல்லை வைத்திருக்கிறார்கள். “எத்தனை நாளா இருமுது?” என்பது நல்ல வைத்தியர் எவரும் என்றைக்கும் கேட்கிற கேள்வி. அது இப்போது பில் வரைக்கும் வந்துவிட்டது. கேட்டு எழுதவில்லையென்றால் ஆர்05.9, அதாவது விவரம் குறிப்பிடப்படாத இருமல்.

இந்த வேலைக்கு முந்தைய தலைமுறை ஒன்று உண்டு. 1990-களின் கடைசியிலும் 2000-களின் தொடக்கத்திலும் மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் படிக்கச் சொல்லாத ஆள் இல்லை. காதில் ஹெட்ஃபோன், காலடியில் ஒலியை ஓட்டவும் நிறுத்தவும் ஒரு மிதி; மருத்துவரின் கடல் கடந்து வந்த அவசரப் பேச்சைத் தட்டச்சு செய்வார்கள். பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள் வந்தது, மருத்துவர்களே கணினியில் எழுதத் தொடங்கினார்கள், அந்த வேலை சுருங்கியது. அது கற்றுக்கொடுத்த ஒரு பழக்கத்தின் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. சொல் தெளிவாகக் கேட்காவிட்டால் ஊகித்து எழுதக் கூடாது. அங்கே ஒரு கோடு போட்டு, ஒலிப்பதிவில் எந்த இடம் என்று குறித்து, திருப்பி அனுப்ப வேண்டும். ஹைப்பர்டென்ஷன், ஹைப்போடென்ஷன் இரண்டும் வேகமான வாயில் ஒன்றுபோலவே ஒலிக்கும். ஒன்றில் இரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது, மற்றதில் இறங்கியிருக்கிறது. ஊகிப்பவர் அங்கே ஒரு நோயாளியின் மாத்திரையில் கைவைக்கிறார்.

கோடிங்கிலும் இதே ஒழுக்கம்தான். குறிப்பில் எழுதாதது நடக்காதது என்பது அங்கே வேதவாக்கு. பரிசோதனை முடிவில் சர்க்கரை எவ்வளவு எகிறியிருந்தாலும், மருத்துவர் சர்க்கரை நோய் என்று எழுதாதவரை குறியீடு போட முடியாது. வெளிநோயாளிக் குறிப்பில் நிமோனியாவாக இருக்கலாம் என்றிருந்தால், இருமல், காய்ச்சல் என்று தெரிந்ததை மட்டுமே குறிக்க வேண்டும். உள்நோயாளிகளுக்கு இதில் ஒரு சலுகை உண்டு. சந்தேகத்தையும் நோயாகக் குறிக்கலாம். கோவிட்டுக்கு 2020 ஏப்ரல் 1 அன்று யு07.1 வந்தபோது அந்தச் சலுகையையும் எடுத்துவிட்டார்கள். உறுதியானால் மட்டும் போடு என்றார்கள். ஊரெல்லாம் வதந்தியில் தத்தளித்த அந்த மாதங்களில், தெரியாததைத் தெரியாது என்றே எழுதிய இடங்களில் இந்தக் கோடிங் மேசைகளும் சேர்த்தி.

இப்போது குறிப்பை மென்பொருளே படித்துக் குறியீடுகளைப் பரிந்துரைக்கிறது. நன்றாகவே செய்கிறது. 70,000 குறியீடுகளை நினைவில் வைப்பதில் அதோடு யாரும் போட்டியிட முடியாது. ஆனால் கோடு போட்டு நிறுத்துவது அதற்குச் சுலபமாக வருவதில்லை. மருத்துவர் போன வருடக் குறிப்பை அப்படியே நகலெடுத்து ஒட்டியிருந்தால், ஆறிப்போன நோயையும் இன்றைய நோயாக எடுத்து நீட்டும். பார்ப்பவர் ஏற்கிறேன் என்று அழுத்திவிட்டால் அது பதிவாகிவிடும். அடுத்த மருத்துவர் அதை நம்புவார். ஹெட்ஃபோன் போய்க் குறியீட்டுப் புத்தகம், புத்தகம் போய் மென்பொருளின் பரிந்துரை என்று கருவிகள் மாறிக்கொண்டே வந்ததில், தனக்கு எது தெரியவில்லை என்பதை முன்பைவிட நுட்பமாகக் காணக் கற்றவரே ஒவ்வொரு முறையும் காலத்தோடு நடந்திருக்கிறார். இருமல் ஆறாகப் பிரிந்தபோது ஆறு விடைகளோடு, அதுவரை யாரும் கவனிக்காத ஓர் இடைவெளியும் குறிப்பில் தெரிய ஆரம்பித்தது.

அந்த இடைவெளியைப் பார்க்க நேரம் வேண்டும். மருத்துவருக்குச் சந்தேகம் கேட்டு அனுப்புவதைக் குவெரி என்பார்கள். அனுப்பினால் அந்தச் சார்ட், அதாவது அந்த நோயாளியின் குறிப்பு, அன்றைக்கு முடியாமல் நிற்கும். மணிக்கு இத்தனை சார்ட் என்று இலக்கு வைத்த அலுவலகத்தில், கேட்டவர் மந்தமானவர், பொத்தானை அழுத்தியவர் கெட்டிக்காரர் என்று மாதக் கடைசி அறிக்கை சொல்லும். புதிய பட்டியலுக்குப் பயிற்சி தருகிறார்கள், தேர்வு வைக்கிறார்கள், சான்றிதழ் கேட்கிறார்கள். அந்த அறிக்கையில் குவெரிக்கும் ஓர் இடம் ஒதுக்கி, அதையும் செய்த வேலையாகக் கணக்கில் எடுக்கும் அலுவலகத்தில் இத்தனைக்கும் பொருள் உண்டு. மற்ற இடங்களில் அடுத்த அக்டோபரில் இருமல் இன்னும் பத்தாகப் பிரிந்தாலும், இங்கிருந்து போகப்போவது ஆர்05.9 தான்.