இடம் நிறைந்தபோது எதை நீக்குவது?

வீட்டில் கணனி வைத்திருக்கும் பலரும் என்றோ ஒருநாள் இந்தச் சங்கடத்தைச் சந்தித்திருப்பர். 'சி' என்னும் பகுதி நிரம்பி, அதன் அளவைக் காட்டும் கோடு சிவப்பாகிவிடும். இயந்திரம் தடுமாறும். புதிய கடிதம் ஒன்றைச் சேமிக்கவும் இடமிராது. உடனே மனம், "எதையாவது அழித்துவிடு" என்று சொல்லும். வாசகரே, அந்த 'எதையாவது' என்னும் சொல்லைப் பற்றியே இன்று உங்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறேன்.

1956 இல் ஐ.பி.எம். நிறுவனம் அறிமுகப்படுத்திய முதலாவது வன்தட்டுக் கருவியில் 50 தட்டுக்கள் இருந்தன. அவை அனைத்தும் சேர்ந்து கொண்டது ஏறத்தாழ 50 இலட்சம் எழுத்துக்களையே. இன்று கைத்தொலைபேசியில் எடுக்கும் ஓரிரு படங்களே அவ்வளவு இடத்தையும் நிரப்பிவிடும். இடம் பெருகியது, நாம் சேர்ப்பது அதனிலும் விரைவாகப் பெருகியது. ஆகவே குறை இடத்தில் மட்டும் இல்லை.

நீக்கத்தக்கவை யாவை? முதலாவது, இயந்திரம் தானாகச் சேர்த்தவை: தற்காலிகக் கோப்புகள், விண்டோஸ் புதுப்பிக்கப்பட்டபின் எஞ்சும் பழைய பதிப்பு போன்றவை. முன்னைய பதிப்புக்குத் திரும்பும் எண்ணம் இல்லையெனில் இவற்றைத் தயங்காது அகற்றலாம். குப்பைத் தொட்டியையும் வெறுமையாக்க வேண்டும். ஒன்றை அதில் இட்டதனால் மட்டும் இடம் விடுபடுவதில்லை. இரண்டாவது, வேண்டும்போது மீண்டும் பெறக்கூடியவை: இணையத்திலிருந்து இறக்கிய திரைப்படங்கள், பயன்படுத்தாத செயலிகள் முதலியன. இவ்விரண்டிலும் மனச்சாட்சிக்கு அதிக வேலையில்லை. மூன்றாவதே சிக்கலானது. வேறெங்கும் பிரதி இல்லாதவையும், நமக்கு மட்டுமே உரியன அல்லாதவையும் அதில் அடங்கும்.

எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்றில், மருமகன் இடம் தேடிப் பெயரிடப்படாத கோப்புறை ஒன்றை நிரந்தரமாக அழித்துவிட்டார். நெடுநாள் திறக்கப்படாதது, பெரியது, ஆகவே வேண்டாதது என்று எண்ணினார். அதில் இருந்தவை அவருடைய மனைவியின் காலஞ்சென்ற தகப்பனார் பேசிய ஒலிப்பதிவுகள். விடயம் தெரியவந்தபோது, அந்த இடத்தின்மேல் புதிய படங்கள் ஏறிவிட்டன, மீட்க முடியவில்லை. அதைவிடக் கசப்பானது, அதே வன்தட்டின் 'டி' பகுதி பாதிக்குமேல் வெறுமையாகவே கிடந்தது. அழிக்கத் தேவையே இருக்கவில்லை. அங்கே நகர்த்தியிருந்தால் போதும்.

அவர் குற்றவாளியா? கெட்ட எண்ணம் இல்லை. தேவையும் உண்மையானதே. "எனக்குத் தெரியாது" என்றார், அதுவும் உண்மை. ஆனால் மனைவி அடுத்த அறையில் இருந்தார். கேட்பதற்கு ஒரு நிமிடம் போதும். அறிய வழியே இல்லாதவனுக்கு அறியாமை மன்னிப்பாகும். கேட்டறியக் கூடியதாக இருந்தும் கேளாதவனுக்கு அது முழுமையான சாட்டாகாது.

அப்படியானால் எல்லாவற்றையும் வைத்திருப்பதுதான் நல்லதோ? அன்று. ஒரே முகத்தின் 20 படங்களைக் குவித்து வைப்பவர் பெரும்பாலும் அவற்றில் ஒன்றையேனும் பார்ப்பதில்லை. பெயரிடாமல் குவிப்பதும் ஒருவகை அலட்சியமே. 'அப்பாவின் குரல்' என்று எழுதி வைத்திருந்தால் அந்தப் பதிவுகள் தப்பியிருக்கும் அல்லவா? பொறுப்பு இருபக்கமும் உண்டு. எனினும் அழிப்பவரின் பொறுப்பே பெரிது. பெயரிடாத தவறை நாளைக்கும் திருத்தலாம். அழித்த தவறை அப்படித் திருத்த இயலாது.

ஆகவே வாசகரே, சிவப்புக் கோடு தோன்றும்வரை காத்திராதீர்கள். நெருக்கடியில் எடுக்கும் முடிவு பலவேளைகளில் அவசர முடிவாகவே அமையும். ஓய்வான ஒரு மாலையில் வீட்டாருடன் கணனிமுன் அமருங்கள். மீண்டும் பெறக்கூடியதை நீக்குங்கள். பெற முடியாததற்குப் பெயரிட்டு, வேறோர் இடத்தில் பிரதி எடுத்து வையுங்கள். பிறருடையதைத் தொடுமுன் அவரிடம் கேளுங்கள். அப்படிக் கேட்கும்போது, மறந்துபோன ஒரு குரலை எல்லோரும் சேர்ந்து கேட்கும் வாய்ப்பும் உங்களுக்குக் கிட்டலாம்.