தெரிந்தவர் மௌனம்

ரோட்ஸ் தீவில் பஞ்சம். அலெக்ஸாந்திரியாவிலிருந்து தானியம் ஏற்றிப் புறப்பட்ட வணிகன் ஒருவன் மற்றவர்களை முந்திக்கொண்டு துறைமுகத்தை அடைகிறான். பின்னால் இன்னும் பல தானியக் கப்பல்கள் இதே தீவுக்கு வந்துகொண்டிருப்பதை அவன் வழியிலேயே பார்த்திருக்கிறான். ஊராருக்கு அது தெரியாது. சொன்னால் விலை இறங்கிவிடும். சொல்லாவிட்டால் கேட்ட விலை கிடைக்கும். அவன் அயோக்கியன் அல்ல. தவறென்று தெரிந்தால் செய்யமாட்டான்; தவறுதானா என்பதில்தான் அவனுக்குச் சந்தேகம். கி.மு. 44-இல் ரோமானிய அறிஞர் சிசெரோ எழுதிய 'கடமைகள்' நூலின் மூன்றாம் பகுதியில் வரும் கேள்வி இது. உணவு விநியோகச் சங்கிலியைச் சீராக்குவது பற்றி இன்று மேலாண்மைக் கல்லூரிகளில் நடக்கும் பேச்சில் பெரும்பகுதி தகவலைப் பகிர்ந்துகொள்வதைப் பற்றியது: எந்தக் கிடங்கில் எவ்வளவு இருப்பு, எந்த லாரி எங்கே நிற்கிறது, எந்தச் சந்தையில் என்ன விலை. அதைத் திறமை பற்றிய கேள்வியாகவே நடத்துகிறார்கள். அது முதலில் நீதி பற்றிய கேள்வி. உணவைப் பற்றித் தனக்குத் தெரிந்ததை மறைத்துச் சம்பாதிப்பவர், ஒரு பொய்யும் சொல்லாவிட்டாலும், அநீதி செய்கிறார் என்றே நான் கருதுகிறேன்.

சிசெரோ இரண்டு ஸ்டோயிக் அறிஞர்களை எதிரெதிரே நிறுத்துகிறார். பாபிலோனைச் சேர்ந்த டயோஜெனிஸ் வணிகன் பக்கம். அவருடைய மாணவர் ஆன்டிபேட்டர் ஊரார் பக்கம். மனிதர் எல்லோரும் ஒரே சமூகம், ஒருவர் நலன் மற்றவர் நலனிலிருந்து பிரிந்ததல்ல, அப்படியிருக்கப் பசித்தவர்களிடமிருந்து சோறு வரப்போகும் செய்தியை எப்படி மறைக்கலாம் என்று கேட்கிறார் ஆன்டிபேட்டர். டயோஜெனிஸ் எளிதில் மடங்குபவர் அல்ல. மறைப்பது வேறு, சொல்லாமலிருப்பது வேறு என்கிறார். தெய்வங்களின் இயல்பைக்கூடத்தான் அவர் ஆன்டிபேட்டருக்கு இப்போது சொல்லவில்லை. கோதுமை விலையைவிடப் பெரும்பயன் தரும் அறிவு அது. அதனால் அவர் அதை மறைத்ததாகிவிடுமா? இதற்கும் மேலே ஒரு படி போகிறார். சமூகம் ஒன்று என்பதற்காக எவருக்கும் எதுவும் சொந்தமில்லை என்றாகிவிட்டால், விற்பனை என்ற பேச்சுக்கே இடமில்லை; எல்லாவற்றையும் சும்மா கொடுத்துவிட வேண்டியதுதான். வியாபார ரகசியத்துக்கு இன்றுவரை சொல்லப்படும் நியாயங்கள் பலவும் இந்தக் கடைசி வாதத்தில் அடக்கம். அதற்குப் பதில் சொல்லாமல் ஆன்டிபேட்டரை ஆதரிப்பது வெறும் நல்லெண்ணமாகவே நின்றுவிடும்.

வணிகனின் வருமானத்தை இரண்டாகப் பிரித்துப் பார்த்தால் பதில் கிடைக்கும். அவன் கடலின் ஆபத்தைப் பொருட்படுத்தாமல் முந்தி வந்தான். மற்றக் கப்பல்கள் வந்து சேரும்வரை ஊர் சாப்பிடப்போவது அவனுடைய மூட்டைகளைத்தான். அதற்குரிய கூடுதல் விலை அவன் உழைப்புக்கு வந்தது. செய்தியைச் சொன்ன பிறகும் அதில் ஒரு பங்கு அவனுக்குக் கிடைக்கும், ஏனென்றால் அடுத்த வாரம் வரும் கப்பல் இன்றைய பசியைத் தீர்க்காது. அதற்கும் மேலே வரும் பணம் எதற்கு? இனித் தானியமே வராது என்று ஊரார் நம்பியதற்கு. மூன்று மாதத்துக்கு வேண்டியதை ஒருத்தி வீட்டுப் பண்டபாத்திரத்தை விற்று வாங்குகிறாள் என்றால், வரப்போகாத பஞ்சத்துக்கும் சேர்த்து விலை கொடுக்கிறாள். அவள் நம்பிக்கை தவறென்று அங்கே தெரிந்த ஒரே ஆள், அந்தப் பணத்தை எண்ணி வாங்கிக்கொள்பவன். தெய்வங்களைப் பற்றிச் சொல்லாமல் விடுவதோடு இதை ஒப்பிட முடியாதது இதனால்தான்: அந்த அறியாமையை வைத்து டயோஜெனிஸ் எவரிடமும் எதையும் விற்கவில்லை. தானியம் வணிகனுக்குச் சொந்தம், அதை அவன் விற்கலாம். பிறருடைய அறியாமை அவனுக்குச் சொந்தமல்ல. சிசெரோவும் வணிகன் மறைத்திருக்கக் கூடாது என்றே முடிக்கிறார். திருக்குறள் வாணிகம் செய்வோரை எங்கே வைத்துப் பேசுகிறது என்பதையும் இங்கே நினைக்கலாம். பொருட்பாலில் அல்ல, அறத்துப்பாலில், துலாக்கோலை உவமையாக எடுத்தாளும் நடுவுநிலைமை அதிகாரத்தின் கடைசிக் குறளில். விலை பேசுகிறவரிடம் எதிர்பார்க்கப்படுவது கெட்டிக்காரத்தனம் மட்டும் அல்ல என்பதை அந்த இடமே காட்டிவிடுகிறது.

அறியாமைக்கு என்ன விலை என்பதைக் கேரளக் கடற்கரையில் ஒருவர் கணக்கிட்டுக் காட்டியிருக்கிறார். 1997 ஜனவரி 14 காலை, வடகரையில் 11 மீனவர்கள் தாங்கள் பிடித்து வந்த மத்தியை வாங்க ஆளில்லாமல் கொட்டிவிட்டார்கள். அதே வேளையில் 15 கிலோமீட்டருக்குள் இருந்த பக்கத்துக் கடற்கரைகளில் மீன் வாங்க வந்த 27 பேர் அது கிடைக்காமல் வெறுங்கையோடு நின்றார்கள். பொருளாதார அறிஞர் ராபர்ட் ஜென்சன் 2007-இல் வெளியிட்ட ஆய்வில் வரும் காட்சி இது. காலைச் சந்தை சில மணி நேரத்தில் முடிந்துவிடும். மத்தி அதுவரைதான் தாங்கும். படகை இன்னொரு கரைக்குத் திருப்ப டீசல் செலவு. அங்கே விலை என்னவென்று கடலில் இருப்பவருக்குத் தெரியாது. ஆகவே எல்லோரும் சொந்தக் கரைக்கே வந்தார்கள். ஒரு கரையில் மீன் மலிந்து கிடக்க, அடுத்த கரையில் தட்டுப்பாடு. 1997-க்கும் 2001-க்கும் இடையில் வட கேரளத்தில் செல்பேசிக் கோபுரங்கள் கட்டங்கட்டமாக வந்தன. அலை கரையிலிருந்து 20, 25 கிலோமீட்டர் வரை எட்டியது. மீனவர்கள் படகிலிருந்தே விலை கேட்டுக்கொண்டு கரையைத் தேர்ந்தெடுத்தார்கள். அதற்கு முன் பிடிபட்டதில் 5 முதல் 8 சதவீதம் வீணாகிக்கொண்டிருந்தது. அது ஏறக்குறைய நின்றே போயிற்று. மீனவர் லாபம் சராசரியாக 8 சதவீதம் கூடியது, வாங்குவோர் கொடுத்த விலை 4 சதவீதம் குறைந்தது. ஒரு மீன்கூட அதிகம் பிடிக்காமல் இரு பக்கமும் மிச்சம் கண்டார்கள். அங்கே யாரும் எதையும் மறைக்கவில்லையே, இதில் அறம் எங்கே வந்தது என்று கேட்கலாம். யாரும் மறைக்காதபோதே அறியாமை இவ்வளவு உணவைக் குப்பையாக்குகிறது என்றால், ஒருவர் அதைத் திட்டமிட்டுக் காப்பாற்றி வைப்பதன் விளைவு என்ன என்பதை இதிலிருந்தே கணித்துவிடலாம்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் கிறிஸ்தவ இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ் இந்தக் கேள்வியை மறுபடி எடுத்தார். அவர் தீர்ப்பு வணிகனுக்குச் சற்று இளகியது: நடப்பு விலைக்கு விற்பவன் பின்னால் வரப்போவதைச் சொல்லாவிட்டாலும் நீதியை மீறியதாகாது, சொன்னால், அல்லது விலையைக் குறைத்தால், அது மேலான நற்பண்பு. கப்பல்கள் வருவது எதிர்காலச் சங்கதி என்பதுதான் அவருடைய ஆதாரம். அந்தக் காலக் கடலுக்கு இது பொருந்தலாம். கப்பல் மூழ்கலாம், வழி மாறலாம். ஏற்கெனவே இருக்கும் சரக்கைப் பற்றிய செய்தி என்றால் இந்தச் சலுகைக்கு இடமில்லை. 2008 அரிசி நெருக்கடி அப்படிப்பட்டது. உலக நெல் விளைச்சலில் அந்த ஆண்டு பெரிய சரிவு இல்லை. 2007 அக்டோபரில் இந்தியா பாஸ்மதி அல்லாத அரிசியின் ஏற்றுமதிக்குத் தடை போட்டது. வியட்நாமும் கையைச் சுருக்கியது. பயந்துபோன பிலிப்பைன்ஸ் கிடைத்த விலைக்கு வாங்கக் கிளம்பியது. 2007 இறுதியில் டன் 400 டாலருக்குக் கீழே இருந்த தாய்லாந்து அரிசி 2008 மே மாதத்தில் 900 டாலரைத் தாண்டியது. அதே மாதங்களில் ஜப்பானின் கிடங்குகளில் சுமார் 15 லட்சம் டன் இறக்குமதி அரிசி சும்மா கிடந்தது. உலக வர்த்தக ஒப்பந்தத்துக்காக வாங்கியது. உள்ளூர் விவசாயிகளைக் காக்க வேண்டி உள்நாட்டுச் சந்தைக்கும் விடாதது. அதை வெளியே விடலாமே என்று டாம் ஸ்லேட்டன், பீட்டர் டிம்மர் என்ற இரு வல்லுநர்கள் எழுதினார்கள். ஜப்பான் இசைந்துவிட்டது என்ற செய்தி பரவியதுமே, மூட்டைகள் கப்பலேறும் முன்பே, விலை இறங்கத் தொடங்கியது. உலை வைக்க முடியாமல் தவித்த வீடுகளுக்கு அந்தச் செய்தியே முதல் உதவியாக வந்தது. அது இரண்டு மாதம் முந்தி வந்திருக்கக் கூடாதா?

விலையே எல்லாச் செய்தியையும் சுமந்து வருகிறது, தனியாக யாரும் எதையும் வெளியிட வேண்டியதில்லை என்பது பலமான மறுப்பு. 1945-இல் பொருளாதார அறிஞர் ஹாயெக் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் சாரம் அது. சிதறிக் கிடக்கும் அறிவை எந்த அரசு அலுவலகமும் ஓரிடத்தில் திரட்டிவிட முடியாது என்று அவர் சொன்னது உண்மை. வடகரையில் நடந்ததும் எந்த அலுவலகமும் செய்த வேலை அல்ல. ஆனால் ஏலம் கேட்பவர்களுக்குத் தெரிந்ததைத்தான் விலை சொல்லும். 2008 ஏப்ரலில் 'அரிசி இல்லை' என்று விலை கூவியது. அரிசி இருந்தது.

பஞ்ச காலத்தில் உண்மையைச் சொன்னால் பீதி கிளம்பும், பதுக்கல் பெருகும் என்பது ஆட்சியாளர்களின் மறுப்பு. எளிதில் தள்ளிவிடக் கூடியதல்ல. கடை வாசலில் கூட்டம் சேர்வதைப் பார்த்துக் கூட்டம் பெருகுவது உண்மைதான். ஆயினும் 1943 வங்காளம் நம் கண்முன் இருக்கிறது. பஞ்சம் என்று அறிவித்தால் பஞ்ச விதித்தொகுப்பின்படி நிவாரணம் கொடுத்தாக வேண்டும். அரசு கடைசிவரை அறிவிக்கவில்லை. உணவு போதுமான அளவு இருக்கிறது என்று அந்த ஆண்டின் முற்பகுதியில் பிரசாரம் நடந்தது. யாரும் நம்பவில்லை, விலை ஏறிக்கொண்டே போனது. அந்த ஆகஸ்டில் 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழின் ஆசிரியர் இயன் ஸ்டீபன்ஸ் கல்கத்தா தெருக்களில் செத்துக்கொண்டிருந்தவர்களின் படங்களை வெளியிட்ட பிறகுதான் வெளியுலகம் திரும்பிப் பார்த்தது. அதற்குள் எத்தனையோ லட்சம் உயிர்கள் போயிருந்தன. அமர்த்தியா சென் தம் வாழ்நாள் ஆய்வில் திரும்பத் திரும்பச் சொல்வது, சுதந்திரமான பத்திரிகை உள்ள மக்களாட்சியில் பெரும்பஞ்சம் வந்ததில்லை என்பது. மறைப்பது பீதியைத் தடுக்கவில்லை. வதந்தியை மட்டும் நம்பி முடிவெடுக்கும்படி மக்களைத் தள்ளியது. அதில் முதலில் வாங்கிக் குவித்தவர்கள் கையில் பணம் உள்ளவர்கள்.

மறைப்பவர் எப்போதும் விற்பவர்தான் என்பதும் இல்லை. நபிகள் நாயகம் தடுத்த வியாபார முறைகளில் ஒன்று, சரக்கோடு வரும் வணிகக் கூட்டத்தை ஊருக்கு வெளியிலேயே எதிர்கொண்டு வாங்கிவிடுவது. நாட்டுப்புறத்திலிருந்து வருபவருக்குச் சந்தை விலை தெரியாது; வழியில் மறிப்பவருக்குத் தெரியும். முஸ்லிம் ஹதீஸ் தொகுப்பில் பதிவாகியுள்ள இந்தத் தீர்ப்பில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது அதன் பிற்பகுதி: அப்படி விற்றுவிட்டவர், சந்தைக்கு வந்து நிலவரம் தெரிந்த பிறகு, விற்பனையை ரத்து செய்துகொள்ளும் உரிமை உடையவர். 1972-இல் சோவியத் யூனியன் செய்தது இந்த வழிமறிப்பையே. தன் விளைச்சல் பொய்த்ததை வெளியே விடாமல், அமெரிக்கத் தானிய நிறுவனங்களோடு தனித்தனியே பேசி, அந்த நாட்டுக் கோதுமையில் ஏறக்குறைய கால்பங்கை வாங்கியது. அமெரிக்காவின் தென்சமவெளி விவசாயிகளில் பலர் அறுவடையை முன்பே மலிவாக விற்றிருந்தார்கள்; விலை ஏறியபோது அவர்களிடம் சரக்கில்லை. அடுத்த ஆண்டே அமெரிக்கா சட்டம் போட்டது. ஒரே நாளில் ஒரே நாட்டுக்கு 1,00,000 டன்னோ அதற்கு மேலோ விற்கும் ஏற்றுமதியாளர் மறுநாளே அரசுக்குச் சொல்ல வேண்டும், அரசு அதை எல்லோருக்கும் வெளியிடும். அறிவைத் திரட்டுகிறவருக்குக் கூலி இல்லையென்றால் யார் திரட்டுவார்கள் என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில்: இத்தனை ஆண்டுகளாக இந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டும் அந்த நிறுவனங்கள் வியாபாரத்தை விட்டுப் போய்விடவில்லை. 2011-இல் ஜி-20 நாடுகள் கோதுமை, மக்காச்சோளம், அரிசி, சோயா நான்குக்கும் பொதுவான தகவல் அமைப்பை ரோமில் தொடங்கின. அது அரசுகள் தரும் கணக்கை நம்பி நடப்பது. தனியார் கிடங்குகளின் இருப்பையும் அப்படிச் சொல்லவைக்க வேண்டும் என்பது அடுத்த படி. அதைத் தள்ளிப்போட நியாயமான காரணம் எதுவும் எனக்குத் தென்படவில்லை.

தெரிந்தால் மட்டும் போதுமா என்ற கேள்வி மீதமிருக்கிறது. ஜென்சனுக்குப் பிறகு கேரளக் கடற்கரைகளை ஆராய்ந்தவர்கள் அவர் முடிவுகளுக்கு ஒரு வரம்பைச் சுட்டினார்கள். படகுக்கும் வலைக்கும் ஏலத் தரகரிடம் கடன் வாங்கியவர் அவரிடமே மீனைப் போட வேண்டும். அடுத்த கரையில் இரட்டிப்பு விலை என்று செல்பேசி சொன்னாலும் படகைத் திருப்ப முடியாது. நம் ஊர்க் கமிஷன் மண்டியில் விதைக்கும் முன்பே முன்பணம் வாங்கிவிட்ட விவசாயியின் நிலையும் இதுதான்; விலைப்பட்டியல் அவர் கையிலிருக்கும் செல்பேசியிலேயே இருக்கும். இதை என் வாதத்துக்கு எதிரானதாக நான் எண்ணவில்லை. அந்த ஹதீஸ் செய்தியைத் தெரிவிப்பதோடு நிற்காமல், செய்தி கேட்டவர் தன் முடிவை மாற்றிக்கொள்ளும் உரிமையையும் சேர்த்தே கொடுத்தது. கேரளத்தில் 1984-இல் அமைந்த மத்ஸ்யஃபெட் கூட்டுறவு கையிலெடுத்ததும் இந்த முடிச்சைத்தான்: மீனவர் சங்கமே கடன் கொடுப்பது, சங்கமே கரையில் ஏலம் விடுவது, பிடித்த மீனை முதலில் விற்கும் உரிமை பிடித்தவரிடமே இருப்பது. விலைத் தகவல் செயலிகளுக்கு அரசுகள் ஒதுக்கும் பணத்தோடு இந்தக் கடன் சங்கங்களுக்கும் பணம் போனால்தான், அடுத்த கரையின் விலை தெரிந்தவர் அங்கே படகைத் திருப்ப முடியும்.