அவிழ்த்துப் பின்னுதல்

என் அம்மா குரோஷா ஊசியோடு உட்கார்ந்திருந்ததைப் பொழுதுபோக்கு என்றுதான் சொல்லி வந்திருக்கிறேன். மேஜை விரிப்பின் ஓரம் சில சமயம் தட்டையாகக் கிடக்காமல் அலையலையாகச் சுருண்டுவிடும். "கண்ணி கூடிப்போச்சு" என்று உருவிவிட்டு மறுபடி தொடங்குவாள்.

1997ல், கார்னெல் பல்கலைக்கழகத்தில், லாட்வியாவைச் சேர்ந்த கணித ஆசிரியை டைனா டைமினா அதே சுருளை வேண்டுமென்றே பின்னினார். இத்தனை கண்ணிக்கு ஒன்று என்று மாறாத விகிதத்தில் கூட்டிக்கொண்டே போனால் பரப்பு மடிந்து சுருள்கிறது. ஒரு கோட்டுக்கு வெளியேயுள்ள புள்ளி வழியாக, அதைச் சந்திக்காத கோடுகள் பல செல்லக்கூடிய வெளி அது. 19ஆம் நூற்றாண்டில் லோபாச்செவ்ஸ்கியும் போல்யாயும் சிந்தனையில் கண்டது, கையில் பிடித்து மடித்துப் பார்க்கக் கிடைத்தது. காகித மாதிரிகள் கிழிந்துபோயின, நூல் தாங்கியது.

பல பவளங்கள் வளர்வதும் இந்தச் சுருளில்தான். கடல் சூடேறிப் பவளப்பாறைகள் வெளுத்துவருவதைக் கண்ட மார்கரெட், கிறிஸ்டின் வெர்தைம் சகோதரிகள் 2005ல் அவற்றை நூலில் பின்னத் தொடங்கினார்கள். விதியைச் சற்று மீறிக் கண்ணிகளை ஒழுங்கின்றிக் கூட்டியபோதுதான் உயிரின் சாயல் வந்தது. ஆயிரக்கணக்கானோர், பெரும்பாலும் பெண்கள், சேர்ந்து பின்னினார்கள். 2019ல் அந்தப் பாறைகள் வெனிஸ் பியன்னாலேயில் இடம்பெற்றன.

இதெல்லாம் தெரிந்த பிறகே அம்மாவின் பின்னல்மேல் எனக்கு மரியாதை வந்தது. அந்த மரியாதைதான் உறுத்துகிறது. கணிதமும் கண்காட்சியும் கையொப்பமிட்ட பிறகு பிறக்கும் மரியாதை யாருக்குச் சேருகிறது?

அம்மாவுக்கு அந்த வடிவியல் தெரிந்திருந்தது என்று இப்போது சொன்னால் அது இன்னொரு பொய். பவளப்பூச்சிக்கும் தெரியாது. அவளுக்குச் சுருள் பிழை. டைமினாவுக்கு அதுவே நிரூபணம். இந்த வித்தியாசத்தை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இருவரும் ஒன்றுக்குக் கட்டுப்பட்டவர்கள். நூலிடம் சாமர்த்தியம் பலிக்காது. எண்ணிக்கை பிசகினால் அடுத்த வரிசை காட்டிக்கொடுத்துவிடும்; அவிழ்த்துத்தான் ஆகவேண்டும்.

விமர்சனம் என்று நாம் எழுதுவதற்கு இந்தச் சங்கடம் கிடையாது. கலை வேறு, கைவினை வேறு என்று நான் எழுதித் தீர்த்த பக்கங்களில் ஒரு வாக்கியத்தையாவது நான் திரும்பப் பெற்றதில்லை. அடுத்த இதழில் வேறொன்றை எழுதிவிட்டு நகர்ந்திருக்கிறேன். அம்மா அரைநாள் வேலையை ஒரே இழுப்பில் உருவி, அந்த நூலையே உருண்டையாகச் சுற்றி வைத்துக்கொண்டு மறுபடி உட்காருவாள். அப்போது அவள் முகம் எப்படி இருந்தது என்று நான் ஒருநாளும் பார்த்ததில்லை.