அப்பா பேருக்கு ஓர் அர்ச்சனை



சில வாரங்களுக்கு முன் ஞாயிறு சமய வகுப்பில் பெற்றோர் பாத பூசையைப் பற்றிப் பேசினோம். தாயும் தந்தையும் கண்கண்ட தெய்வம் என்று நானும் வழக்கம்போல சொல்லி முடித்தேன். வகுப்பு முடிந்து பாய் சுருட்டும்போது ஒரு தங்கச்சி பக்கத்தில் வந்து நின்றாள்.

"அக்கா, அப்பா தப்பான ஆளா இருந்தாலும் காலைத் தொட்டுக் கும்பிடணுமா?"

"என்னம்மா தப்பு?"

"கும்பல்ல இருக்காரு."

"சாமியைக் கும்பிட்டுக்கோ, எல்லாம் சரியாயிடும்"னு சொல்லி அவளை அனுப்பிட்டேன். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்தப் பதில் என்னை உறுத்தியது. ஏனென்றால் என் அப்பாவும் கும்பலில் இருப்பவர்தான். அவரோடு நான் பேசி இரண்டு வருடமாகிறது. அன்று சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். அவளிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

முதலில் சாஸ்திரம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். தாயையும் தந்தையையும் தெய்வமாகக் கொள் என்ற உபதேசம் தைத்திரீய உபநிடதத்தில், சீக்ஷாவல்லியில் வருகிறது. படிப்பை முடித்துப் புறப்படும் மாணவனுக்குக் குரு சொல்லும் அறிவுரை அது. நாம் அந்த வரியோடு நிறுத்திவிடுகிறோம். அதே இடத்தில், அதற்கு அடுத்தாற்போலவே குரு இன்னொன்றும் சொல்கிறார். குற்றமில்லாத செயல்களை மட்டும் செய். எங்களிடமும் நல்ல நடத்தை எதுவோ அதை மட்டும் பின்பற்று, மற்றதை வேண்டாம் என்கிறார். 'எங்களிடமும்' என்று அவர் தன்னையும் சேர்த்துக்கொள்வதைக் கவனியுங்கள். தெய்வமாக மதி என்று சொன்ன அதே வாய்தான், தப்பைப் பின்பற்றாதே என்றும் சொல்கிறது. மரியாதை வேறு, உடந்தை வேறு.

இனி என் கதை. எங்கள் தாத்தா தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். மேம்பாட்டுக்காகத் தோட்டம் கைமாறியபோது, குடும்பம் அடுக்குமாடி வீட்டுக்கு வந்தது. கோயிலும் திடலும் தெரிந்த முகங்களும் போய்விட்டன. அப்போது அப்பாவுக்குப் பதினைந்து வயசு. பள்ளியில் அடி வாங்கிய பையனை "இனிமே உன்மேல எவனும் கை வைக்க மாட்டான்"னு சொல்லி அணைத்துக்கொண்டது கீழ்மாடி அண்ணன்கள்தான். 2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 கும்பல்களைச் சட்டவிரோதமானவை என்று அறிவித்தபோது, 04, 08, 36 என்ற எண்களைப் பத்திரிகையில் பார்த்து நம் சமுதாயமே அதிர்ந்தது. எங்கள் வீட்டில் யாரும் அதிரவில்லை. எங்களுக்கு அது பழைய செய்தி.

அப்பா வீட்டில் எங்களை ஒரு நாளும் கை ஓங்கியதில்லை. காலையில் மோட்டாரில் பள்ளிக்குக் கொண்டுபோய் விடுவார். வழியில் நாசி லெமாக் வாங்கித் தருவார். நான் ஐந்தாம் படிவம் படிக்கும்போது ஒரு விடியற்காலை போலீஸ் வந்தது. சொஸ்மா சட்டத்தில் 28 நாள் வரை தடுத்து வைக்கலாம். அந்த நாட்களில் அம்மா சாமி அறையை விட்டு எழவே இல்லை. வெளியே வந்ததும் அப்பா கற்பூரம் அணைத்து, "இனிமே இல்ல"ன்னு சத்தியம் செய்தார். நாங்கள் நம்பினோம்.

பல்கலைக்கழகத்தில் முதலாண்டு விடுமுறைக்கு வந்திருந்தேன். பாசார் மாலாமில் வடை விற்கும் அத்தை ஒருத்தர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "இந்த வாரம் மழையில வியாபாரமே இல்லம்மா. ஒரு வாரம் பொறுத்துக்கச் சொல்லி அப்பாகிட்ட சொல்லும்மா" என்றார். எனக்கு அவர் என்ன சொல்கிறார் என்று புரிய சற்று நேரமானது. வாரா வாரம் அந்தத் தள்ளுவண்டியிலிருந்து ஒரு தொகை போய்க்கொண்டிருந்தது. என் செமஸ்டர் கட்டணத்தில் அந்த வடைக் காசும் இருந்திருக்கும்.

அன்றிரவு அப்பாவிடம் கேட்டேன். "நீ சாப்பிடுற சோறும் அதுலதான் வருது. படிக்கிற வேலையைப் பாரு" என்றார். நான் சத்தம் போட்டேன். கடைசியில் "நீங்க என் அப்பாவே இல்ல"ன்னு சொல்லிட்டு விடுதிக்கு பஸ் ஏறிட்டேன். அதற்குப்பின் பி.டி.பி.டி.என். கடன், வார இறுதியில் கடை வேலை. அவர் பணம் ஒரு வெள்ளிகூட வாங்கவில்லை.

வால்மீகி முனிவரைப் பற்றி வழிவழியாகச் சொல்லும் கதை நினைவிருக்கும். அவர் வழிப்பறிக்காரராக இருந்தபோது நாரதர் ஒரு கேள்வி கேட்டார்: "யாருக்காக இந்தப் பாவத்தைச் செய்கிறாயோ, அவர்கள் அதில் பங்கு வாங்கிக்கொள்வார்களா?" அவர் வீட்டுக்குப் போய்க் கேட்டார். பங்கு வேண்டாம் என்றார்கள். சின்ன வயசில் இந்தக் கதை எனக்குப் பிடிக்காது. சோற்றை மட்டும் சாப்பிட்டுவிட்டு நழுவுகிறார்களே என்று தோன்றும். இப்போது வேறு மாதிரி தெரிகிறது. "நாங்க இருக்கோம், நீங்க தொடர்ந்து செய்யுங்க" என்று அந்த வீடு சொல்லியிருந்தால் அவர் மறுபடி காட்டுக்குத்தான் போயிருப்பார். வீட்டில் கேட்ட 'மாட்டோம்' என்ற சொல்தான் அவரைத் தவத்துக்குத் திருப்பியது. உங்கள் வீட்டில் அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டியவர் நீங்களாகவும் இருக்கலாம்.

ஆனால் நான் சொன்னது அது மட்டும் இல்லையே. பங்கு வேண்டாம் என்று சொல்லும்போதே அப்பாவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இங்கேதான் நசிகேதன் எனக்குப் பாடம் நடத்தினான்.

கட உபநிடதத்தில் அவன் அப்பா யாகம் செய்கிறார். தானமாகக் கொடுப்பதோ பால் வற்றிய கிழட்டு மாடுகள். மகன் கேள்வி கேட்கிறான். அப்பா கோபத்தில் "உன்னை எமனுக்குக் கொடுத்தேன்" என்கிறார். எமன் வாசலில் மூன்று இரவு பட்டினியாகக் காத்திருந்த பையனுக்கு மூன்று வரம் கிடைக்கிறது. மூன்றாவது வரத்தில்தான் மரணத்துக்கு அப்பால் என்ன என்று கேட்டான். முதல் வரமாகக் கேட்டது, "என் அப்பாவின் கோபம் தணிய வேண்டும், அவர் மனம் அமைதியாக வேண்டும், நான் திரும்பிப் போனால் என்னை அடையாளம் கண்டு பேச வேண்டும்" என்பதுதான். கிழட்டு மாடு நல்ல மாடு என்று அவன் எங்கேயும் ஒத்துக்கொள்ளவில்லை. கேட்ட கேள்வியைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் இல்லை. ஆனாலும் முதல் வரம் அப்பாவுக்குத்தான்.

நான் கட்டடப் பொறியியல் படிக்கிறேன். விரிசல் விட்ட தூணுக்குச் சாயம் பூசி மறைக்கக் கூடாது என்பது எங்களுக்கு முதல் பாடம். முட்டுக் கொடுக்கலாம். ஆனால் அந்த முட்டு தனியாக, கெட்டியான தரையில் நிற்க வேண்டும். விரிசல் விட்ட தூணிலேயே சாய்ந்து நின்றால் இரண்டும் சேர்ந்து விழும். நான் விலகி நிற்பது அதற்காகத்தான். அப்பா விழட்டும் என்பதற்காக இல்லை.

ஆகவே தங்கச்சி, உன் கேள்விக்கு என் பதில் இது. பயமில்லாமல் அவர் முன்னால் நிற்க முடிந்தால் காலைத் தொட்டுக் கும்பிடு. ஆனால் அவர் கொடுத்து அனுப்பும் பொட்டலத்தைத் தொடாதே. அவருக்காகப் பொய் சொல்லாதே. அவர் கும்பலின் எண்ணைச் சட்டையிலோ கைப்பேசியிலோ பெருமையாகப் போட்டுக்கொள்ளாதே. "மாறுங்கப்பா" என்று ஒரு தடவையாவது அவர் காதில் விழும்படி சொல். அடி, மிரட்டல் என்று இருந்தால் எதிரில் நின்று சொல்ல வேண்டியதில்லை. விலகிப் போவது பாவம் இல்லை. ஆசிரியரிடம் சொல், எங்களிடம் வா. 15999 தாலியான் காசே எண்ணுக்கு எந்த நேரமும் அழைக்கலாம். அப்பாவின் கர்மா உன் தலையெழுத்து இல்லை. அதைச் சுமக்க வேண்டும் என்று எந்தச் சாஸ்திரமும் உன்னிடம் சொல்லவில்லை.

மற்ற இளைஞர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை கோயிலுக்கு வந்தால் "அவன் மகளா இவ?" என்று கிசுகிசுக்காதீர்கள். அன்று என் அப்பாவை அணைத்துக்கொள்ள நம் கோயில் போயிருந்தால், கும்பலுக்கு அங்கே இடம் இருந்திருக்காது.

என் மறுப்பு அப்பாவை இன்னும் மாற்றவில்லை. எப்போது மாறுவார் என்றும் தெரியாது. வடை அத்தைக்கு நான் பட்ட கடனை எப்படிக் கணக்குப் பார்ப்பது என்றும் தெரியவில்லை. இப்போதைக்குச் சனிக்கிழமைகளில் எங்கள் அடுக்குமாடிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன்.

இரண்டு வருடமாக அர்ச்சனைச் சீட்டு வாங்கும்போது அம்மா, தம்பி, நான் என்று மூன்று பேரோடு நிறுத்திவிடுவேன். போன வெள்ளிக்கிழமை முகப்பில் இருந்தவர், "வேற யாரும் இருக்காங்களாம்மா?" என்று கேட்டார். அப்பா பேரைச் சொன்னேன், நட்சத்திரமும் சொன்னேன். ஐயர் சன்னதியில் அந்தப் பேரைச் சத்தமாகப் படித்தார். 'என் அப்பாவே இல்ல' என்று சொன்ன வார்த்தையை அந்த இடத்தில் திரும்ப எடுத்துக்கொண்டேன். 'மாட்டேன்' என்று சொன்னதை எடுத்துக்கொள்ளவில்லை.

இந்த வெள்ளிக்கிழமை நீயும் வா தங்கச்சி. உன் அப்பா நட்சத்திரத்தைக் கேட்டு வை. சேர்ந்தே சீட்டு வாங்குவோம்.

திருச்சிற்றம்பலம்.

— கட்டடப் பொறியியல் மாணவி, மூன்றாம் ஆண்டு