கலப்படமும் நம் கடமையும்



அமராவதிக் கரையிலுள்ள கொமரலிங்கத்திற்குச் சென்றிருந்தபோது நம்மிடம் ஒரு கேள்வி கேட்கப்பட்டது. “பால் ஊற்றுகிறவர் நம் மஹல்லாக்காரர், நம் ஸஃப்பிலேயே தொழுகிறவர். பாலில் தண்ணீரும் மாவும் கலக்கிறார் என்று தெரிகிறது. அதிகாரிகளிடம் சொன்னால் அது புறம் பேசிய பாவமாகாதா?”

நியாயமான கேள்விதான். ஆயினும் அந்தப் பாலைக் குடிப்பவர் யார் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். பச்சிளங் குழந்தை குடிக்கிறது. படுக்கையிலிருக்கும் நோயாளி குடிக்கிறார். சாணத்திற்கும் இரத்தத்திற்கும் இடையிலிருந்து தூய பாலைத் தருவதை ‘அந்நஹ்ல்’ அத்தியாயத்தில் அல்லாஹு தஆலா தன் அருட்கொடையாக எடுத்துரைக்கிறான். அவன் தூய்மையாகத் தந்ததைக் கெடுப்பது மனிதனின் கை அல்லவா?

இது ஓர் ஊரின் குறை மட்டுமன்று. 2011ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு ஆணையம் நாடெங்கும் எடுத்த 1,791 பால் மாதிரிகளில் 68.4 சதவீதம் தரத்திற்கு ஒத்துவரவில்லை. 2014இல் திண்டிவனம் அருகே, ஆவின் பால் ஏற்றிச் சென்ற லாரியிலிருந்து பாலை எடுத்துக்கொண்டு தண்ணீரை ஊற்றியதாக வழக்குப் பதிவாயிற்று. 2016இல் உச்ச நீதிமன்றமே பால் கலப்படத்தைத் தடுக்கும்படி மாநிலங்களுக்குக் கட்டளையிட்டது.

2006ஆம் ஆண்டுச் சட்டப்படி தரங்குறைந்த பொருளை விற்பவருக்கு 5 லட்சம் ரூபாய் வரையும், வனஸ்பதி கலந்ததை ‘சுத்த நெய்’ என்று ஒட்டி விற்பது போன்ற பொய்ச் சீட்டுக்கு 3 லட்சம் வரையும் அபராதமுண்டு. நஞ்சான உணவால் உயிர் போனால் ஆயுள் தண்டனையும் உண்டு.

நம் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாக் கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே மறைந்திருந்த ஈரத்தைக் கண்டார்கள். மோசடி செய்பவன் நம்மைச் சார்ந்தவனல்லன் என்று அங்கேயே கண்டித்தார்கள். ஆகவே சந்தையைச் சோதிப்பது நமக்குப் புதிதன்று. மக்களைத் தீங்கிலிருந்து எச்சரிப்பது புறம் பேசுவதில் சேராது என்று இமாம் நவவீ (ரஹ்) அவர்களும் எழுதியுள்ளார்கள்.

எனவே நாம் கூறும் வழி இது: முதலில் அவரைத் தனியே அழைத்து அன்போடு சொல்லுங்கள். வெறும் சந்தேகத்தில் குற்றஞ்சாட்டாதீர்கள். பாலில் இரண்டு சொட்டு டிங்சர் அயோடின் விட்டால், மாவு கலந்திருப்பின் நீலம் தெரியும். கட்டணம் செலுத்தி, வாங்கியவரே பகுப்பாய்வாளரிடம் சோதிக்கச் செய்யவும் சட்டத்தில் இடமுண்டு. அதன் பின்னும் திருந்தாவிடில் உணவுப் பாதுகாப்பு அதிகாரியிடம் தெரிவியுங்கள். அது காட்டிக்கொடுப்பதாகாது. குழந்தைகளின் அமானிதத்தைக் காப்பதாகும்.

வீட்டில் மாடு வளர்க்கும் சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. கலீபா உமர் (ரலி) காலத்தில், பாலில் நீர் கலக்கச் சொன்ன தாயிடம், கலீபா காணாவிட்டாலும் அல்லாஹ் காண்கிறான் என்று மறுத்தாள் ஓர் ஏழைப் பெண். அவளையே உமர் (ரலி) தம் மகனுக்கு மணமுடித்து வைத்தார்கள் என வரலாறு கூறுகிறது. லாக்டோமீட்டரை ஏமாற்றச் சர்க்கரை போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பெண் அஞ்சிய பார்வையை எதைப் போட்டு ஏமாற்ற முடியும்?

ஒரு செம்புத் தண்ணீரால் வரும் காசு கையில் தங்கலாம், பரக்கத் தங்காது. ஹலாலான சம்பாத்தியத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.